பார்பெல் ஸ்குவாட் எல்லோருக்கும் கட்டாயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்மில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் யாராவது வந்து "ஸ்குவாட் போடாமல் என்ன ஒர்க்அவுட்?" என்று கேட்டுவிடுவார். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். ஆனால் அந்த ஒரு கேள்வியால் உடம்புக்கு ஒத்துவராத பயிற்சியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கால் பயிற்சியே வேண்டாம் என்று ஓடிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். பதினான்கு வருடமாக எடை தூக்குகிறேன், அதில் பாதிக் காலம் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. இந்தப் பக்கத்தில் பார்பெல் ஸ்குவாட் என்று நான் சொல்வது, பிளேட்டுகள் மாட்டும் நீண்ட இரும்பு ராடை மேல்முதுகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழும் பயிற்சியை மட்டும்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். செய்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் முட்டியையும் இடுப்பையும் ஆழமாக மடக்கி, சுமையோடு எழுந்திருக்கும் அசைவு ஏதாவது ஒரு வடிவத்தில் எல்லோருக்கும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இவ்வளவு வாக்குவாதம். நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிமிர்வது எல்லாமே அந்த அசைவுதான். அதற்கு வலு சேர்க்கப் பல கருவிகள் இருக்கின்றன, பார்பெல் அதில் ஒன்று.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 2 நாளாவது உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது. அதை ஸ்குவாட்டால்தான் செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. தசை வளரத் தேவையானது மூன்று: போதுமான சுமை, நன்றாக நீண்டு சுருங்கும் அளவுக்கு அசைவு, மாதங்கள் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் உழைப்பு. இந்த மூன்றும் எதில் உங்களுக்கு வலியில்லாமல் கிடைக்கிறதோ அதுவே உங்கள் பயிற்சி.

அப்படியானால் அதை ஏன் "பயிற்சிகளின் ராஜா" என்கிறார்கள்?

காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்த ஸ்டைன்போர்ன் என்ற பலசாலி 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போனார். ராடை எடுத்துத் தோளில் வைக்க இன்றைய ரேக்குகள் அப்போது கிடையாது. அவர் தரையில் கிடக்கும் ராடின் ஒரு முனையை ஊன்றி நிமிர்த்துவார், அதன் அடியில் குனிந்து அப்படியே முதுகின் மேல் சாய்த்துக்கொள்வார், முழுதாக உட்கார்ந்து எழுவார். அதுவரை அங்கே பலரும் நுனிக்காலில் நின்று லேசான எடையோடு முட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். கனமான ஸ்குவாட் மீது அங்கே ஆசை பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அன்றைக்கு ஒரு ராடும் சில பிளேட்டுகளும் இருந்தால் கால் முழுவதையும் உழைக்கவைக்க அதற்கு ஈடான வழி இல்லை. இன்றும் அதன் பலம் குறைந்துவிடவில்லை. 20 கிலோ வெறும் ராடில் ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ கூட்டிக்கொண்டே போகலாம். கால், இடுப்பு, முதுகு, வயிறு எல்லாம் ஒரே நேரத்தில் உழைக்கும். நேற்றைவிட இன்று எவ்வளவு முன்னேறினோம் என்பது கண்ணுக்குத் தெரியும். அது உடம்புக்குப் பொருந்தியவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான கால் பயிற்சி கிடைப்பது கஷ்டம். பொருந்தாதவர்களிடமும் அதே வார்த்தையைச் சொல்லி அழுத்துவதுதான் தவறு.

யாருக்கு அது உண்மையிலேயே கட்டாயம்?

பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகிறவர்களுக்கு. ஸ்குவாட், படுத்துக்கொண்டு ராடைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் என்ற மூன்றில் அது ஒன்று. இடுப்பு மடிப்பு முட்டியின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்காவிட்டால் நடுவர் அந்தத் தூக்கலை ஏற்க மாட்டார். அப்புறம் ஒலிம்பிக் பளுதூக்குதலில் இருப்பவர்களுக்கு. அவர்களின் போட்டியில் ஸ்னாட்ச், கிளீன் அண்டு ஜெர்க் என்ற இரண்டு மட்டுமே உண்டு. ஆனால் இரண்டிலும் ராடை ஆழமாக உட்கார்ந்த நிலையில் பிடித்து எழ வேண்டியிருப்பதால், அவர்கள் வாரத்தில் பல நாள் ஸ்குவாட் செய்கிறார்கள்.

மூன்றாவது வகை, அதையே விரும்பிச் செய்கிறவர்கள். "எனக்கு 100 கிலோ ஸ்குவாட் அடிக்க வேண்டும்" என்ற ஆசை தாராளமாகப் போதுமான காரணம். வலு என்பது பழகும் அசைவிலேயே அதிகம் கூடும். சாய்ந்து உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் வருடக்கணக்கில் உழைத்தவர் ராடுக்கு அடியில் போனால் முதல் நாள் தடுமாறத்தான் செய்வார். ஆகவே ஸ்குவாட்டில் வலுவாக வேண்டும் என்றால் ஸ்குவாட்தான் செய்ய வேண்டும்.

மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு? 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் இளம் ரக்பி வீரர்கள் 18 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு பார்பெல் ஸ்குவாட், இன்னொரு பிரிவு பின்காலை உயரத்தில் வைத்துச் செய்யும் ஒற்றைக்கால் ஸ்குவாட். 5 வாரம் கழித்து வலுவிலும் ஓட்ட வேகத்திலும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான், குறுகிய காலம்தான். இருந்தாலும் "ஸ்குவாட் இல்லாமல் வேகம் வராது" என்று அடித்துச் சொல்கிறவர்கள் அதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

ஸ்குவாட் மட்டும் செய்தால் முழுக் காலும் வளர்ந்துவிடும் அல்லவா?

இல்லை. ஸ்குவாட்டை நேசிக்கிறவர்கள்கூட அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

முன்தொடையின் பெரும்பகுதி, பிட்டம், உள்தொடை ஆகியவை ஸ்குவாட்டில் நன்றாக வளரும். பின்தொடை பெரிதாக வளராது. அந்தத் தசை இடுப்பையும் முட்டியையும் தாண்டி ஓடுகிறது. நீங்கள் உட்காரும்போது இடுப்புப் பக்கம் நீள்கிறது, முட்டிப் பக்கம் சுருங்குகிறது. மொத்தத்தில் அதன் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை. முன்தொடையின் நடுவே ஓடும் ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்ற தசைக்கும் இதே கதைதான். 2019-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் 10 வாரம் ஸ்குவாட் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். பின்தொடையும் ரெக்டஸ் ஃபெமோரிஸும் வளரவே இல்லை. முழு ஆழத்துக்கு உட்கார்ந்தவர்களின் பிட்டத் தசை 6.7 சதவீதம் வளர்ந்தது, பாதியில் நிறுத்தியவர்களுக்கு 2.2 சதவீதம்தான். ஆழத்தைக் குறைத்து எடையை ஏற்றுகிறவர்கள் இந்த இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும்.

ஆக, நீங்கள் ஸ்குவாட் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, எடைக்கு எதிராக முட்டியை மடக்கும் லெக் கர்ல், முட்டியை லேசாக மட்டும் மடக்கி இடுப்பில் குனிந்து நிமிரும் ரொமேனியன் டெட்லிஃப்ட் போன்ற ஒன்று பின்தொடைக்காகத் தனியாக வேண்டும். கெண்டைக்காலுக்கும் தனியாகத்தான்.

என் நண்பர் முதல் நாளே அழகாக உட்கார்ந்து எழுந்தார். எனக்கு மட்டும் உடம்பு ஏன் முன்னால் கவிழ்கிறது?

பெரும்பாலும் எலும்பின் நீளம்தான் காரணம். ராடு எப்போதும் நடுப்பாதத்துக்கு நேர் மேலே இருந்தால்தான் விழாமல் நிற்க முடியும். தொடையெலும்பு நீளமானவர் உட்காரும்போது இடுப்பு வெகுதூரம் பின்னால் போய்விடும். அதை ஈடுகட்ட மார்பு முன்னால் சாய்ந்தே ஆக வேண்டும். தொடை குட்டையாகவும் உடற்பகுதி நீளமாகவும் உள்ளவர் கிட்டத்தட்ட நிமிர்ந்தபடியே இறங்கி ஏறுவார். இருவர் முதுகிலும் அதே 60 கிலோதான். ஆனால் ஒருவருக்குக் கீழ்முதுகும் இடுப்பும் திணறும், இன்னொருவருக்கு முன்தொடை எரியும். பெயர்தான் ஒன்று, இருவரும் செய்வது வெவ்வேறு பயிற்சி.

அடுத்தது கணுக்கால். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கால்விரலை வைத்து, குதிகால் தரையை விடாமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஸ்குவாட்டில் முட்டி முன்னால் போக மறுக்கும், பாரம் முழுக்க முதுகுக்கு வந்து சேரும். இதற்குத் தீர்வு எளிது: குதிகாலுக்கு அடியில் 2.5 கிலோ பிளேட் ஒவ்வொன்று வைக்கலாம், அல்லது குதி உயர்ந்த பளுதூக்கும் ஷூ போடலாம். இடுப்பு மூட்டின் குழியும் ஆளுக்கு ஆள் வேறுபடும். கால்களை நெருக்கமாக வைத்தால் சிலருக்குத் தொடையிடுக்கில் நெரிக்கும். அவர்கள் கால்களை அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் தாராளமாக இறங்குவார்கள். எல்லோரையும் ஒரே மாதிரி நிற்கச் சொல்லும் பயிற்சியாளர் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

எனக்குத் தொடை நீளம். முதலில் சேர்ந்த ஜிம்மில் "மார்பை நிமிர்த்து, மார்பை நிமிர்த்து" என்று ஒவ்வொரு ரெப்புக்கும், அதாவது ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழும்போதும், சொல்வார்கள். நிமிர்த்தினால் குதிகால் எழும்பும், குதிகாலை அழுத்தினால் மார்பு சாயும். முயற்சி போதவில்லை என்று நினைத்து இரண்டு வருடம் கீழ்முதுகு வலியோடு அதையே செய்தேன். காலையில் குனிந்து ஷூ கயிறு கட்டும்போது வலிக்கும். அப்புறம் ஒருநாள் ராடை வைத்துவிட்டு முதுகைப் பலகையில் சாய்த்து மெஷினில் செய்யும் ஹேக் ஸ்குவாட்டுக்கும் ஒற்றைக்கால் பயிற்சிக்கும் மாறினேன். முதுகு வலி சில வாரத்தில் அடங்கியது, ஆறு மாதத்தில் தொடை பேண்ட்டை இறுக்க ஆரம்பித்தது. இழந்த அந்த இரண்டு வருடம் வேறு யாருக்கும் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பக்கமே.

உச்சத்தில் இருந்தவர்களிடமும் இந்த வேறுபாடு உண்டு. டாம் பிளாட்ஸ் என்ற பாடிபில்டரின் தொடைகள் இன்றும் பேசப்படுகின்றன, அவர் பார்பெல் ஸ்குவாட்டின் பெரிய பக்தர். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து 6 முறை மிஸ்டர் ஒலிம்பியா வென்ற டோரியன் யேட்ஸோ பார்பெல் ஸ்குவாட்டைக் கைவிட்டு, லெக் பிரஸ், ஹேக் ஸ்குவாட் போன்றவற்றையே நம்பினார். இருவருக்கும் கால் வளர்ந்தது.

முழுதாக உட்கார்ந்தால் முட்டி போய்விடும் என்கிறார்களே?

இந்தப் பயம் 1961-இல் கார்ல் கிளைன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரால் பரவியது. ஆழமான ஸ்குவாட் முட்டியின் தசைநார்களைத் தளர்த்துகிறது என்று அவர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் சோதித்தபோது அது உறுதிப்படவில்லை. 1989-இல் 8 வாரம் ஸ்குவாட் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வில் முட்டியின் உறுதி குறையவே இல்லை. ஆரோக்கியமான முட்டிக்கு ஆழம் எதிரி அல்ல. பழகாத எடையை அவசரமாக ஏற்றுவதும், அடியில் பொத்தென்று விழுந்து துள்ளி எழுவதும்தான் முட்டியைச் சோதிக்கும்.

"முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது" என்பதும் அப்படித்தான். 2003-இல் ஓர் ஆய்வில் முட்டிக்கு முன்னால் பலகை வைத்துத் தடுத்து ஸ்குவாட் செய்யவைத்தார்கள். முட்டியில் விழும் திருப்புவிசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. ஆனால் இடுப்பில் 28 ஆக இருந்தது 303 ஆக ஏறிவிட்டது. முட்டியைக் காப்பாற்றப் போய் இடுப்பில் பத்து மடங்குக்கு மேல் ஏற்றிவைத்த கதை. குதிகால் தரையில் இருக்கும்வரை முட்டி முன்னால் போகட்டும்.

ஏற்கனவே முட்டியில் காயமோ அறுவைச் சிகிச்சையோ இருந்தால் இந்தப் பதில் உங்களுக்கானது அல்ல. உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் ஆழமே உங்கள் ஆழம்.

முதுகு வலி இருக்கிறது. ஸ்குவாட் செய்யலாமா?

கால் மரத்துப்போவது, வலி காலுக்குள் ஓடுவது, சிறுநீர் மலத்தில் மாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜிம்மை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். சாதாரண வலி என்றால், ராடை முதுகில் ஏற்றாமலே காலுக்கு முழு உழைப்பு கொடுக்க வழி இருக்கும்போது, வலியோடு சண்டை போட வேண்டிய அவசியம் இல்லை. பெல்ட் ஸ்குவாட் மெஷின் கிடைத்தால் அது அருமையான வழி. எடை இடுப்புப் பட்டையில் தொங்கும், முதுகெலும்பின் மேல் பாரமே ஏறாது.

லெக் பிரஸ்ஸில் 200 கிலோ தள்ளுகிறேன், ஸ்குவாட்டில் 70 கிலோ வரவில்லை. லெக் பிரஸ் ஏமாற்று வேலையா?

ஏமாற்று இல்லை, கணக்கு வேறு. 45 டிகிரி சாய்ந்த லெக் பிரஸ்ஸில் 100 கிலோ ஏற்றினால், சரிவு காரணமாக உங்கள் கால் தள்ளுவது சுமார் 71 கிலோ. ஸ்குவாட்டிலோ ராடோடு சேர்த்து உங்கள் உடம்பின் பெரும்பகுதியையும் தூக்குகிறீர்கள். 70 கிலோ எடையுள்ளவர் 70 கிலோ ராடோடு எழும்போது கால் சுமப்பது 120 கிலோவுக்கும் மேல். கூடவே சமநிலை வேறு. எனவே இரண்டு எண்களை ஒப்பிடுவதில் பயன் இல்லை. லெக் பிரஸ்ஸில் போன மாதத்தைவிட இந்த மாதம் அதே ஆழத்தில் கூடுதலாகத் தள்ளுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். ஆழம் முக்கியம். நிறைய பிளேட் ஏற்றி ஒரு சாண் தூரம் மட்டும் அசைப்பதால் கால் வளராது. அதேபோல் இடுப்பு சீட்டை விட்டு எழும்பும் அளவுக்கு இறக்காதீர்கள், கீழ்முதுகு வளைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. மெஷின் என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1985-இல் பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே கருவி வைத்து அளந்தபோது, இரண்டு காலாலும் லெக் பிரஸ் செய்யும் நொடியில் சராசரி உச்ச அழுத்தம் 320/250 வரை போனது. களைப்பு எல்லை வரை போய், மூச்சை அடக்கித் தள்ளும் எந்தக் கனமான பயிற்சியிலும் இது நடக்கும். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, எடையைக் குறைத்து, எழும்போது மூச்சை விட்டபடி செய்வது நல்லது.

சரி, பார்பெல் வேண்டாம் என்றால் என்னதான் செய்வது?

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது காப்லெட் ஸ்குவாட். ஒரு டம்பெல்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து உட்கார்ந்து எழுவது. முன்னால் இருக்கும் எடை உங்களைப் பின்னால் விழாமல் பிடித்துக்கொள்வதால், உடம்பு தானாக நிமிரும். கவிழ்கிறேன் என்று புலம்பியவர்கள் இதில் முதல் நாளே ஆழமாக உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதன் எல்லை கைதான். 30, 40 கிலோவுக்கு மேல் போகும்போது கால் களைக்கும் முன்பே கை களைத்துவிடும்.

அந்தக் கட்டத்தில் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட். பின்காலை முட்டி உயர பெஞ்சில் வைத்து, முன்காலால் இறங்கி ஏறுவது. கைக்கு 15 கிலோ டம்பெல் வைத்தாலே முன்கால் திணறிவிடும். உடம்பு எடையின் பெரும்பகுதி அந்த ஒரு காலில் விழுவதே காரணம். முதுகெலும்பு சுமப்பதோ மொத்தம் 30 கிலோதான். குறைந்த பாரத்தில் கால் இவ்வளவு உழைக்கும் பயிற்சியை நான் வேறு பார்த்ததில்லை, இடது வலது வித்தியாசமும் இதில் அம்பலமாகிவிடும். முதல் இரண்டு வாரம் சமநிலை கிடைக்காமல் ஆடும். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் பிட்டத்துக்கும், நிமிர்ந்தால் முன்தொடைக்கும் வேலை கூடும்.

மெஷின் உள்ள ஜிம் என்றால் ஹேக் ஸ்குவாட். முதுகு பலகையில் சாய்ந்திருப்பதால் சமநிலைக் கவலை இல்லை, கடைசி ரெப் வரை கால் களைக்கும்படி தைரியமாகப் போகலாம். ராடு தண்டவாளத்தில் மேலும் கீழும் மட்டும் நகரும் ஸ்மித் மெஷினைப் பலர் தாழ்வாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்த எண்ணம் கிடையாது. பாதத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்தால் நீளத் தொடைக்காரர்களும் நிமிர்ந்து இறங்க முடியும். படியேறும் ஸ்டெப்-அப், பின்னால் காலெடுத்து வைக்கும் லஞ்ச் இரண்டும் நல்லவையே. கருவி ஒன்றும் இல்லாதவர் வெறும் பஸ்கியில் ஆரம்பிக்கலாம். 30, 40 சுலபமாகப் போட முடிந்த பிறகு வலு கூட வேண்டுமானால் ஒற்றைக்காலுக்கோ கூடுதல் சுமைக்கோ மாற வேண்டும்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதோடு ரொமேனியன் டெட்லிஃப்ட் அல்லது பெஞ்சில் முதுகைச் சாய்த்து இடுப்பை மேலே தூக்கும் ஹிப் திரஸ்ட், ஒரு லெக் கர்ல் சேர்த்து வாரம் 2 நாள் செய்யுங்கள். ஒவ்வொன்றும் 3 செட் (சுற்று), ஒரு செட்டுக்கு 8 முதல் 15 ரெப், இன்னும் இரண்டோ மூன்றோதான் வரும் என்ற இடத்தில் நிறுத்துவது. இது போதும். குறைந்தது மூன்று மாதம் அதையே மாற்றாமல் தொடருங்கள், வாரா வாரம் பயிற்சியை மாற்றினால் எதில் முன்னேறினோம் என்றே தெரியாது.

ஸ்குவாட் செய்தால் ஹார்மோன் கூடி கையும் நெஞ்சும் சேர்ந்து வளருமா?

வளராது. கனமான கால் பயிற்சிக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன், வளர்ச்சி ஹார்மோன் இரண்டும் சற்று நேரம் ஏறுவது உண்மை. அந்த ஏற்றம் கையை வளர்க்கிறதா என்று கனடாவில் ஒரு குழு சோதித்தது. கால் பயிற்சியோடு சேர்த்து உழைத்த கைக்கும், தனியாக உழைத்த கைக்கும் வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. கை வளரக் கைக்குப் பயிற்சி வேண்டும்.

வயதான அம்மா அப்பாவுக்கு இது சரிப்படுமா?

அவர்களுக்குத்தான் கால் வலு அதிகம் தேவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். முடியாவிட்டால் உயரமான நாற்காலி, முடிந்தால் உயரம் குறைந்த நாற்காலி, அப்புறம் நெஞ்சில் ஒரு சின்ன எடை. அதுவே அவர்களின் ஸ்குவாட்.

பார்பெல்லுக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியாக வேண்டிய இடமும் இதுவே. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் 101 பேரை வைத்து லிஃப்ட்மோர் என்ற ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் 8 மாதம், வாரம் 2 முறை, தலா 30 நிமிடம் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், பார்பெல் ஸ்குவாட் ஆகியவற்றைக் கனமான எடையில் செய்தார்கள், குதித்து இறங்கும் பயிற்சியும் சேர்த்து. அவர்களின் கீழ்முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. லேசான பயிற்சியை வீட்டில் செய்த பிரிவினருக்கு 1.2 சதவீதம் குறைந்தது. முதுகெலும்பின் மேல் ஏறும் பாரம் எலும்புக்கு நன்மை செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் முழுக்க முழுக்கப் பயிற்சி பெற்றவர்களின் கண்காணிப்பில், லேசான எடையில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றிச் செய்தது. எலும்புத் தேய்மானம் உள்ளவர் இதைப் படித்துவிட்டுத் தனியாக ராடுக்கு அடியில் போகக் கூடாது.

பெண்களுக்குத் தனி விதி உண்டா?

இல்லை. தொடை நீளம், கணுக்கால், விருப்பம் என்ற அதே அளவுகோல்தான். 20 கிலோ ராடு கனமாகத் தோன்றினால் 15 கிலோ ராடு கேளுங்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மருத்துவரைக் கேட்டுத் தொடருங்கள்.

என் பயிற்சியாளர் விட மாட்டேன் என்கிறார். என்ன சொல்வது?

"எனக்குப் போட்டி நோக்கம் இல்லை, கால் வலுவாக வேண்டும், இந்தப் பயிற்சியில் இந்த இடத்தில் வலிக்கிறது, வேறு என்ன தரலாம்?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் உங்கள் நிற்கும் முறையை மாற்றிப் பார்ப்பார், குதிகாலை உயர்த்திப் பார்ப்பார், ராடைத் தோளின் முன்பக்கம் வைத்துச் செய்யும் ஃப்ரண்ட் ஸ்குவாட் கொடுத்துப் பார்ப்பார், அதுவும் சரிவராவிட்டால் வேறு பயிற்சி தருவார். "வலித்தாலும் செய், பழகிவிடும்" என்று மட்டும் சொன்னால், ஆளை மாற்றுங்கள். தசை எரிவது வேறு, மூட்டில் குத்துவது வேறு. இரண்டாவதைப் பழகிக்கொள்ளக் கூடாது.

கூடவே உங்களையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்துவரவில்லையா, அல்லது கஷ்டமாக இருப்பதால் தவிர்க்கிறீர்களா? பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்டும் சுலபமில்லை. ஸ்குவாட்டை விட்டுவிட்டு அதற்குப் பதில் எதையும் செய்யாதவர்களுக்கு இந்தப் பக்கத்தின் முதல் பதில் பொருந்தாது.

இவ்வளவுக்குப் பிறகும் பார்பெல் ஸ்குவாட் செய்யத்தான் ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

சந்தோஷம். ஆசை இருப்பதே பாதி வேலை. நானும் சில வருடம் கழித்து, குதி உயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு ஃப்ரண்ட் ஸ்குவாட்டாகத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

காப்லெட் ஸ்குவாட்டில் உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்கை வைத்து 10 ரெப் நிதானமாக வந்தால் ராடுக்குப் போகலாம். ரேக்கின் கொக்கியை நெஞ்சின் மேல்பகுதி உயரத்தில் வையுங்கள். நுனிக்காலில் எழும்பி ராடை எடுக்க வேண்டியிருந்தால் உயரம் தவறு, களைப்போடு திரும்பி வரும்போது கொக்கியில் மாட்டாது. ராடு கழுத்தின் பின்பக்க எலும்பின் மேல் உட்காரக் கூடாது, தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்தால் எழும் சதைத் திட்டின் மேல் உட்கார வேண்டும். ஸ்பாஞ்சு போன்ற ஓட்ட ஷூ வேண்டாம், பாதம் ஆடும். இறங்கும் முன் வயிறு நிறைய மூச்சை இழுத்து இறுக்கிக்கொண்டு, எழுந்த பிறகு விடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேலே சொன்னதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாதுகாப்புக் கம்பிகள். நீங்கள் முழு ஆழத்தில் உட்கார்ந்திருக்கும்போது ராடு இருக்கும் உயரத்துக்கு ஒரு அங்குலம் கீழே இரு பக்கமும் சமமாகப் பொருத்துங்கள். முதல் நாளே, வெறும் ராடோடு, வேண்டுமென்றே எழாமல் அப்படியே இறங்கி ராடைக் கம்பிகளின் மேல் விட்டுவிட்டு முன்பக்கமாக வெளியே வந்து பழகுங்கள். மூன்று நான்கு முறை செய்து பாருங்கள். அது கைவந்த பிறகு பிளேட் மாட்டலாம்.